வடை சுற்றக் கொடுத்த மனுக்கள்

வட்டக்கச்சி மாதர் சங்கத் தலைவி ஞானேஸ்வரி அக்கா மனு எழுதாத அரசாங்கக் கந்தோர் ஒன்று இருந்தால், அது இனிமேல்தான் கட்டப்பட வேண்டும். தெருவிளக்கு, பஸ், குரங்குத் தொல்லை எதையும் அவர் விட்டுவைக்கவில்லை. பதில் வந்ததா என்று மட்டும் கேட்டுவிடக்கூடாது. முகம் சுருங்கிப் போகும்.

அப்படிப்பட்டவரின் மனுக் கடதாசிகளைப் பல்கலைக்கழக நூலகம் ஆவணமாக வைக்கக் கேட்டதும் அக்காவின் நடையே மாறிவிட்டது. "கம்பஸில என்ர பேரில ஒரு பெட்டி வைக்கப் போகினம்" என்பதை இரண்டு தரமாவது கேட்காதவர் ஊரில் இல்லை.

கம்பஸுக்குப் போகிறது அழுக்காகப் போகலாமா? வெட்டும் கொத்தும் கறையுமாக வீட்டில் கிடந்த கையெழுத்துப் பிரதிகளை ரவுண் கடையொன்றில் கொடுத்து ரைப் அடிப்பித்து, லேமினேட்டும் போடுவித்தார். பழையவற்றைக் கட்டாகக் கட்டிச் சந்தித் தேத்தண்ணிக்கடைக் கதிர்காமநாதனிடம் வடை சுற்றக் கொடுத்தார். தர்மமாம்.

மறுநாள் நூலகத்திலிருந்து வேனில் வந்த சுமித்திரா, பளபளத்த தாள்களைப் புரட்டிவிட்டு நிமிர்ந்தாள்.

"அன்ரி, நீங்கள் கையால எழுதினது எங்க?"

"அந்த ஊத்தையையோ பிள்ளை கேக்கிறீர்?"

"அதைத்தான் அன்ரி. உங்கட எழுத்து இல்லாட்டி நான் எதைக் கொண்டு போறது?"

அக்கா துள்ளி எழும்பினார். பெட்டி இல்லையென்றால் ஊருக்குள் எந்த முகத்தோடு திரிவது? சேலையைத் தூக்கிப் பிடித்தபடி சந்திக்கு ஓடினார். சுமித்திராவும் பின்னால் ஓடினாள்.

நல்லகாலம், கதிர்காமநாதனின் வடைக்கு அப்படியொன்றும் கிராக்கி இல்லை. கட்டிலிருந்து ஒரே ஒரு தாள்தான் உருவப்பட்டிருந்தது. அதையும் அவர் வடை சுற்றாமல் வாசித்துக்கொண்டிருந்தார்.

"'கடைக்காரர் கழிவுநீரை வாய்க்காலில் விடுவதால் பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு பள்ளிக்கூடம் போகிறார்கள்.' இது ஆரைப் பற்றி அக்கா?"

"சந்தியில வேற கடை இருக்கோ?"

"என்ர தேத்தண்ணியைக் குடிச்சுக்கொண்டே எனக்கெதிரா எழுதியிருக்கிறியள்!"

"ஓம். கறையைப் பார், உன்ர தேத்தண்ணிதான்."

கடை வாசல் வாங்கில் குந்தியிருந்து தேத்தண்ணி குடித்தவர்களுக்குப் புரையேறியது.

"மிச்சத்தைக் கொண்டு போங்கோ. இதைத் தரமாட்டன்," என்றார் கதிர்காமநாதன். "கம்பஸ் பிள்ளையள் என்ர ஊத்தைத் தண்ணியை ஆராய்ச்சி செய்யவோ?"

"அது இல்லாட்டி ஒண்டும் போகாது. நான் எழுதினதில அதுதான் திறம்."

சுமித்திரா இடையில் புகுந்தாள். "அண்ணை, இப்ப வாய்க்கால் சரியெண்டால் அதையும் அன்ரி கீழ எழுதலாம்தானே?"

"எழுதச் சொல்லுங்கோ!" கதிர்காமநாதனுக்கு முகம் மலர்ந்தது.

அக்கா கடையின் பின்பக்கம் போய்ப் பார்த்துவிட்டு, மூக்கைப் பொத்தியபடி திரும்பி வந்தார்.

"பொய் எழுதமாட்டன்."

வாங்கு முழுவதும் கதிர்காமநாதனையே பார்த்துச் சிரித்தது. அவர் சாரத்தை மடித்துக் கட்டினார், மண்வெட்டியை எடுத்தார். வேன் காத்து நிற்க, பின்வளவில் கிடங்கு வெட்டிக் குழாயை அதற்குள் திருப்பினார், வாய்க்காலையும் வழித்தார். வாங்கில் இருந்தவர்கள் யோசனை மட்டும் தாராளமாகக் கொடுத்தார்கள்.

அக்கா மறுபடியும் போய் மணந்து பார்த்துவிட்டு வந்து, தாளின் கீழே 'நடவடிக்கை எடுக்கப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்து வைத்தார். அவர் எழுதிய அத்தனை மனுவிலும் அந்த வரி ஏறியது இது ஒன்றில்தான். ஒருதரம் வாசித்தார். பிறகு, யாரும் கேட்காமலே, உரத்து வாசித்தார்.

முழங்கால்வரை சேற்றோடு நின்ற கதிர்காமநாதன் எட்டிப் பார்த்தார்.

"அக்கா, 'கடைக்காரர்' எண்டால் ஆருக்குத் தெரியும்? என்ர முழுப்பேரையும் போடுங்கோ. தானாக முன்வந்து செய்தவர் எண்டும் எழுதுங்கோ."

"பேரைப் போடுறன்," என்றார் அக்கா. "மற்றது பொய்."