இரு முனையிலும் பிளக்

1

இந்தக் கதை கிடைத்தது என் வீட்டு மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில். தலத்தெருவில் என் வீட்டு வயரிங்கை மாற்ற வந்த பெண் வேலைக்கு நடுவே எதையோ முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். மந்திரமா என்று கேட்டேன். "பரீட்சைங்க சார்" என்றாள். மின் மேற்பார்வையாளர் உரிமத் தேர்வாம். அடுத்தவர் படிப்பதை எட்டிப் பார்க்கும் கெட்ட பழக்கம் எனக்கு உண்டு. கேள்விமேல் கேள்வி கேட்டு அவள் வேலையைக் கெடுத்தேன், பெயரை மட்டும் கேட்க மறந்தேன். உமாமகேஸ்வரி என்று வைத்துக்கொள்வோம். இனி வருவதெல்லாம் என் கற்பனை.

2

"மின்சாரம் கண்ணுக்குத் தெரியாத ஒரு…" (வேண்டாம். பள்ளிக்கூடக் கட்டுரை.)

"உமாமகேஸ்வரி, டிப்ளமோ, வயது…" (இது பயோடேட்டா.)

நேராகவே சொல்லிவிடுகிறேன். உமா ஓர் ஒப்பந்தக்காரரிடம் வேலை பார்க்கிறாள். கட்டடத்து மின்வேலை முழுவதையும் முடிப்பவள் அவள். 'சோதித்தேன், சரி' என்று கையெழுத்துப் போடுபவரோ உரிமம் வைத்திருக்கும் இன்னொருவர். அவர் அந்தக் கட்டடத்து வாசலைக்கூட மிதித்திருக்க மாட்டார். அந்த இடத்தில் தன் கையெழுத்து இருக்க வேண்டும் என்பது உமாவின் ஆசை. போன முறை கோட்டை விட்டாள். இந்த முறையும் விட்டால் அடுத்த தேர்வு எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது.

3

அவள் வீடு போலகம் தாண்டி, எல்லையோரத் தெரு ஒன்றில். தெருவுக்கு இந்தப் பக்கம் புதுச்சேரி மின்சாரம், எதிர்ப்பக்கம் தமிழ்நாட்டு மின்சாரம். இரண்டும் ஒரே நேரத்தில் போவது அபூர்வம். இங்கே போனால் அங்கிருந்து வயர் வரும், அங்கே போனால் இங்கிருந்து போகும், குழம்பு கொடுத்து வாங்குவதுபோல.

உமா வீட்டு வயருக்கு இரு முனையிலும் பிளக். ஒன்றை எதிர்வீட்டு ஷஃபீனாவின் சுவரிலும் மற்றதை உமா வீட்டுச் சுவரிலும் செருகினால் வீடு முழுக்க வெளிச்சம். முதலில் மெயின் சுவிட்சை மட்டும் இறக்கிவிட வேண்டும். இறக்க மறந்தால் கரண்ட் வீட்டோடு நிற்காது, தெருக்கம்பத்துக்கும் ஏறிவிடும், அங்கே கம்பியைத் தொடுபவர் கதி அவ்வளவுதான்.

அந்த வயரைச் செய்தது யார் தெரியுமா? ஒரு புயல் நேரத்து அவசரத்தில், உமாவேதான். (இங்கே எனக்கு அவள்மேல் சந்தேகம் வந்தது. படித்தவள் இப்படிச் செய்வாளா? சிகரெட் பிடிக்கும் என் டாக்டர் நண்பர் நினைவுக்கு வந்தார். அந்த வரியை அடிக்காமல் விட்டேன்.)

4

தேர்வு நாள். வீட்டிலிருந்து பஸ்ஸில் நாலு மணி நேரம் தள்ளி, புதுச்சேரி நகரத்தில் தேர்வுக்கூட வாசல். போனை அணைக்கப் போகும் நேரத்தில் கணவன் கலைவாணன் அழைக்கிறான். மீன் வியாபாரி, துறைமுகத்திலிருந்து பேசுகிறான்.

"காலையிலயே கரண்ட் போயிடுச்சு உமா. ஃப்ரீசர்ல வஞ்சிரம் கெடக்குல்ல, ஷஃபீனா வூட்டுலேர்ந்து மாட்டிட்டுத்தான் வந்தேன். வர்றப்ப பாத்தேன், லைன்மேன் கருப்பையண்ணன் ஏணியோட ஒவ்வொரு கம்பமா பாத்துகிட்டு நம்ம வாசக் கம்பத்துக்குத்தான் வந்துகிட்டிருந்தாரு. இப்ப சரியாயிடும். நீ நல்லா எழுது."

"மெயின எறக்குனீங்களா?"

"எறக்கிருப்பேன்."

"எறக்குனீங்களா, எறக்கிருப்பீங்களா?"

"இரு, வூட்டுக்குப் போயி பாத்துட்டுச் சொல்றேன்."

(ஷஃபீனாவைக் கூப்பிடலாமே என்பீர்கள். கூப்பிட்டாள், மணி அடித்தபடியே இருந்தது. கருப்பையனின் போன்? வேலை நேரத்தில் அது வண்டிப் பெட்டியில் கிடக்கும். லைன்மேன் சோதித்த பிறகுதானே கம்பியைத் தொடுவார்? ஆமாம், பெரும்பாலும். அந்தப் 'பெரும்பாலும்' போதாமல் உமா மறுபடியும் ஷஃபீனாவை அழைத்தாள்.)

5

ஒரு முடிவு எழுதினேன். உமா உள்ளே போகிறாள், மெயின் இறங்கித்தான் இருந்தது, தேர்விலும் தேறிவிடுகிறாள். படித்தபோது என்மேலேயே எரிச்சல் வந்தது. ஓர் உயிரை வைத்து விளையாடிவிட்டு லட்டு கொடுப்பதா?

இன்னொன்று எழுதினேன். அவள் வெளியிலேயே நிற்கிறாள், தேர்வு போகிறது, கடைசியில் மெயின் இறங்கித்தான் இருந்தது என்று தெரிகிறது. இது அதைவிட மோசம்.

இரண்டிலும் மெயின் எப்படி இருக்கிறது என்று எனக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. அது நியாயமாகப் படவில்லை. இரண்டையும் கிழித்துப் போட்டேன். இப்போது எனக்கும் தெரியாது.

6

போன் அடிக்கிறது.

"எறக்கிட்டேன் உமா. நீ நிம்மதியா உள்ள போ."

அவன் குரலுக்குப் பின்னால் மீன் ஏலம் விடும் சத்தம் கேட்கிறது. கலைவாணன் துறைமுகத்தை விட்டு நகரவே இல்லை. அவளுடைய பரீட்சை கெடக்கூடாதே என்று சொன்ன பொய். அது உமாவுக்குப் புரிகிறது, புரிவதாலேயே ஆத்திரம் பொங்குகிறது.

"உள்ள வர்றீங்களாம்மா? கதவ மூடணும்" என்கிறார் காவலாளி.

அவள் கையில் போன் இன்னும் அணையவில்லை. அடுத்த வாக்கியத்தை நீங்கள்தான் எழுத வேண்டும். என்னைப்போல் எழுதி எழுதிக் கிழித்துக்கொண்டிருக்காதீர்கள். கருப்பையன் ஏணியில் கால் வைத்துவிட்டார்.