பழைய பெயருக்கு வந்த அழைப்பு

முகத்தின் இடப்பக்கம் சுண்டிச் சுண்டி இழுக்கும் வலி. ஒரு வாய் சோறு மெல்ல முடியாமல் என் மனைவி சனிதா துடித்தாள். மாத்திரை எழுதும் முன் கிளினிக் டாக்டர், "ஏதாவது மருந்து ஒத்துக்காதா?" என்று கேட்டார்.

"அப்படி ஒண்ணும் இல்ல டாக்டர்." பொய் சொல்கிற முகமாகவே இல்லை.

அன்று அந்தியில் மாத்திரையைக் கையில் எடுத்தாள். கால்வாய்ப் படித்துறையிலிருந்து ஒரு பெண் குரல் கூப்பிட்டது.

"சுமாலி அக்கா!"

சனிதாவின் கை அப்படியே நின்றது.

"யாரு சுமாலி?" என்றேன்.

"பேசாம இருங்க. அந்தி நேரத்துல வர்ற குரலுக்குப் பதில் சொல்லக் கூடாதுன்னு உங்க வீட்ல சொல்லித் தரலையா?"

பேய்ப் பேச்சென்றாலே எனக்கு எரிச்சல். விறுவிறுவென்று இறங்கிப் போனேன். படகும் இல்லை, ஆளும் இல்லை. படியில் ஈரக் காலடிகள். ஏறி வந்த தடம் எங்கள் வாசல்வரை இருந்தது, திரும்பிப் போன தடத்தைக் காணோம். வீட்டுக்குள் ஓடினேன்.

"யாருடி அது, சொல்லித் தொலை!"

"சுமாலி நான்தான்," என்றாள். "என் தங்கச்சி நொய்க்கு வலிப்புன்னு இதே மாத்திரையைத்தான் கொடுத்தாங்க. வெந்நீர் ஊத்தின மாதிரி தோலெல்லாம் உரிஞ்சு செத்தா. அப்புறம் என் ரத்தத்தையும் சோதிச்சாங்க. இந்த மருந்து ஒத்துக்காத மரபணு அவளை மாதிரியே எனக்கும் இருக்காம். இதைத் தொடவே கூடாதுன்னு அட்டை கொடுத்தாங்க."

"அட்டை எங்க?"

"புத்த பிக்குகிட்ட போய்ப் பேரை மாத்திக்கிட்டேன். கெட்டதெல்லாம் பழைய பேரோட போயிடும்னு அம்மா சொன்னா. லோய் கிராதோங் திருவிழாவுல மிதக்க விடுற விளக்கோட அட்டையையும் ஆத்துல விட்டுட்டோம். அது சுமாலிக்கு வந்த கேடுங்க. சனிதாவுக்கு இல்ல."

சொல்லிவிட்டு மாத்திரையை வாயில் போட்டாள். அவள் அதை முழுசாக நம்பினாள், அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. நான் தட்டிவிடப் பாய்வதற்குள் குரல் மறுபடி வந்தது. இந்த முறை வீட்டுக்குள்ளிருந்து, அழுதுகொண்டே.

"அக்கா... சுமாலி அக்கா..."

"என்னடி நொய்?" என்று கதறிவிட்டாள். வாய் திறந்ததில் மாத்திரை தரையில் விழுந்தது.

மறுநாள் பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸ் சிரித்தாள். "பேரை மாத்தினா ரத்தமும் மாறிடுமா, தாயி?" வேறு மருந்து கொடுத்தார்கள். புது அட்டையில் இரண்டு பெயரும் இருக்கின்றன.

குரல் அப்புறம் வரவில்லை. அந்தியானால் அவள் படித்துறையில் போய் உட்கார்ந்துவிடுகிறாள். இருட்டியதும் நான் போய், "சுமாலி, உள்ள வா," என்று கூப்பிடுகிறேன். ஆசையோடு சட்டென்று திரும்புகிறாள். என்னைப் பார்த்ததும் அந்த முகம் வாடிவிடுகிறது.