கதிரை வைக்கும் இடம்

கட்டில் வாசலுக்குள் நுழையவில்லை. லொறியில் வந்த இரண்டு பேரும் அதைக் குத்தாக நிமிர்த்திப் பார்த்தார்கள், ஒருக்களித்துப் பார்த்தார்கள், ஒரு காலை மட்டும் உள்ளே விட்டு இழுத்தும் பார்த்தார்கள். தேக்குக் கட்டில். தலைமாட்டில் இரண்டு மயில், நடுவில் ஒரு தாமரை. தாமரை உள்ளே போனால் மயில் வெளியே நின்றது. அன்னப்பூரணி முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு அவர்களைச் சுற்றிச் சுற்றி வந்தாள்.

"மெல்ல மனே, மெல்ல! மயில்ட சொண்டு உடையப் போகுது."

அவளுடைய புருசன் கோணாமலை தென்னை நிழலில் குந்தியிருந்து இந்தக் கூத்தையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். "மயில முதல்ல பறக்க விடுங்கடா. மறுகா கட்டிலக் கொண்டு போகலாம்" என்றார். லொறிக்காரர்கள் சிரித்ததில் கட்டில் இன்னொரு தரம் நிலத்தில் இருந்தது. கடைசியில் கதவையே கழற்றி வைத்துவிட்டு, சுவரில் கொஞ்சம் சுண்ணாம்பையும் உரித்துக்கொண்டு, மயில்கள் குடிபுகுந்தன.

வீடு அன்னப்பூரணியுடையதல்ல. சுவிஸில் இருக்கும் தம்பி ஜெயரூபன் வாங்கியது. பெரியகல்லாற்றில் வாவிக் கரையோடு, கனடாவுக்குப் போய்விட்ட ஒரு மாஸ்டர் ஆசையாகக் கட்டிய வீடு. பின்விறாந்தையில் நின்றால் கண்டல் பற்றைக்கு அப்பால் தோணிகள் தெரியும். தம்பி வேலைசெய்யும் ஆஸ்பத்திரிச் சமையலறையில் கூட நிற்கும் வெள்ளைக்காரர்கள் ஸ்பெயினிலும் இத்தாலியிலும் விடுமுறை வீடு வாங்குவார்களாம். "நானும் வெளிநாட்டுல ஒரு வீடு வாங்கிட்டன் எண்டு அவங்களுக்குச் சொன்னன் அக்கா" என்று போனில் சிரித்தான். பிறந்த ஊர் அவனுக்கு எப்போது வெளிநாடானது என்று கேட்க நினைத்தாள் அன்னப்பூரணி. சிரிக்கிறவனைக் கெடுப்பானேன் என்று அவளும் சிரித்தாள். ஆடி மாத விடுமுறைக்குக் குடும்பத்தோடு வருவதாகவும், அதற்குள் அக்காதான் வீட்டை நிரப்பி வைக்க வேண்டும் என்றும் சொன்னான்.

மட்டக்களப்புப் பக்கத்தில் வீடு என்றால் அது பெண்ணுடையது. தாய் தகப்பன் கட்டுவார்கள், மகளுக்கு எழுதுவார்கள், மாப்பிள்ளை வந்து இருப்பார். ஆண்பிள்ளை பிறந்ததிலிருந்து தாயின் வீட்டில் இருந்து, கலியாணத்தோடு பெண்டாட்டியின் வீட்டுக்குப் போவான். அன்னப்பூரணிக்குச் சீதனமாகக் கிடைத்த வீட்டின் கூரை, ஜெயரூபனின் முதல் சுவிஸ் சம்பளத்தில் ஏறியது. அவன் ஊருக்கு வந்தால் அரைவாசி நாள் செங்கலடியில், பெண்டாட்டி நிருஷாவின் சீதன வீட்டில். மிச்சம் இங்கே அக்காவின் வீட்டில். இரண்டு இடத்திலும் அவனுடைய பயணப் பை சுவரோரமாக, சிப் இழுத்து மூடியபடியே நிற்கும். ஒரு சட்டை தேவையென்றால் திறந்து, எடுத்து, திரும்ப இழுத்து மூடுவான். அந்தச் சிப் சத்தம் கேட்கும்போதெல்லாம் அன்னப்பூரணி செய்த வேலையை விட்டுவிட்டு நினைப்பாள். என்ட தம்பி, என்ட வீட்டுக் கூரைய ஏத்தினவன், விருந்தாளி மாதிரி இருக்கிறானே என்று. அதனால்தான் இந்த வீட்டை அவன் வாங்கியதும் அவள் தலைகால் தெரியாமல் துள்ளினாள். இனி அந்தப் பை திறந்து காலியாகக் கிடக்க வேண்டும். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

நிருஷா வாட்ஸப்பில் படங்கள் அனுப்பியிருந்தாள். எல்லாம் வெள்ளை. வெள்ளைச் சுவர், தலைமாடே இல்லாத ஒரு தாழ்ந்த கட்டில், மூலையில் ஒரு பிரம்புக் கூடை. "இழவு வீட்டுல சாமானெல்லாம் வெளியில எடுத்து வெச்ச மாதிரி இரிக்கு" என்று அன்னப்பூரணி போனை மூடி வைத்தாள். பாவம், அங்கே எல்லாம் விலை கூடவாக்கும், இல்லாமல் பழகிவிட்டாள் என்று இரக்கமும் பட்டாள்.

காத்தான்குடியில் உசனார் காக்காவின் தளபாடக் கடைக்கு அந்தக் கட்டிலெல்லாம் எடுக்கப் போனபோது அவர் முதலில் கேட்டதே, "கலியாண வீடா தங்கச்சி?" என்றுதான்.

"தம்பி வாங்கின வீடு காக்கா."

"தம்பிக்குப் பொம்புளப் புள்ள இரிக்கா?"

"ஒண்டு இரிக்கு. கம்சாயினி. படிச்சு முடிச்சிட்டா."

"அப்ப அதச் சொல்லுங்களன்! எங்கட ஊருலயும் இதுதானே. புள்ளைக்கு வீடு குடுக்காமக் கலியாணம் ஏது?"

இல்லையென்று சொல்லியிருக்கலாம். ஆனால் விடுமுறை வீடென்றால் என்னவென்று அவருக்கு விளங்கப்படுத்துவதற்குள் பஸ் போய்விடும். அதோடு, உள்ளதைச் சொன்னால், அவளுக்கும் அது முழுதாக விளங்கவில்லை. "ஓம் காக்கா, அப்பிடித்தான்" என்றாள். நுணலும் தன் வாயால் கெடும். அதற்குப்பிறகு அவள் கேட்டது பாதி, காக்கா தெரிந்தெடுத்தது பாதி. ஆளுயரக் கண்ணாடி வைத்த அலுமாரி, கண்ணாடி மேசை, அதன் இழுக்கும் லாச்சிக்குள் சீப்பு வைக்க ஒரு தட்டு, மயில் கட்டில், தையல் மெஷின். குசினிக்கு ஏனமும் குத்துவிளக்கும் அவளே பார்த்து எடுத்தாள். ஒரு வீட்டை நிரப்ப அவளுக்குத் தெரிந்த ஒரே வழி அதுதான். அவளுடைய வீட்டை அம்மா அப்படித்தான் நிரப்பினாள்.

ஊர் வாயை மூட உலைமூடி ஏது? கட்டில் வந்து இறங்கிய கிழமையே களுவாஞ்சிக்குடியிலிருந்து ஓர் அம்மா, வெற்றிலைத் தட்டமும் வாழைப்பழச் சீப்புமாக வந்து இறங்கினார். மகன் மதுஷன் இஞ்சினியராம். சுவிஸ் புள்ளைக்கு வீடு ரெடியாகிறதென்று கேள்விப்பட்டாராம். வீட்டை ஒருக்காப் பார்த்துவிட்டுப் போகலாமென்று வந்தாராம்.

அன்னப்பூரணி திகைத்துப் போனாள். ஆனாலும் வீடு பார்க்க வந்தவரை வாசலில் வைத்துப் பேச அவளுக்குத் தெரியாது. அந்த அம்மா அறை அறையாகப் போனார். அலுமாரியைத் திறந்து மூடினார். மயிலைத் தடவினார். புள்ளை தாய்வழியில் எந்தக் குடி என்று விசாரித்தார். எல்லாம் அவருக்குப் பிடித்திருந்தது.

"வீட்டு உறுதி எழுதினது புள்ளைட பேருலதானே?"

"இல்லகா. தம்பிட பேருல." இனியும் மறைப்பது பாவமென்று அன்னப்பூரணி சொல்லிவிட்டாள். "கலியாணம் ஒண்டும் இல்ல. தம்பி தனக்கெண்டுதான் வாங்கினவன். லீவுக்கு வந்து இரிக்க."

அந்த அம்மாவுக்குக் கோபம் வரவில்லை. உண்மையாகவே விளங்காமல்தான் கேட்டார். "ஆம்புளைக்கு என்னத்துக்குகா வீடு?"

வாழைப்பழத்தைத் திரும்பக் கொண்டுபோவதா வைப்பதா என்று கொஞ்சம் யோசித்து, வைத்துவிட்டே போனார். நல்ல மனுசி.

அவர் போனபிறகு அன்னப்பூரணி உள்ளே வந்து அறைகளைப் பார்த்தாள். அந்தக் கேள்வி அவளை விடவில்லை. அலுமாரி ஒரு பெண்ணின் சேலைக்காக நின்றது. கண்ணாடி மேசை ஒரு பெண்ணின் முகத்துக்காக நின்றது. குசினி முழுக்கப் பெண்ணுக்கு. இதற்குள் தம்பி எங்கே இருப்பான்? வருவான், எல்லாவற்றையும் நல்லாயிருக்கு அக்கா என்பான், பையைச் சுவரோரமாக வைப்பான். தன் காசில் வாங்கிய வீட்டிலும் அவனை மாப்பிள்ளையாக்கி விட்டேனே என்று நினைத்தபோது அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

பின்னேரம் தன் வீட்டில் தேத்தண்ணியைக் கொடுத்துவிட்டுக் கோணாமலையிடம் கேட்டாள். "இஞ்ச பாருங்க, உங்களுக்கெண்டு ஒரு வீடு இரிந்தா அதுக்குள்ள என்ன வைப்பீங்க?"

"உன்ன வைப்பன்."

"பகிடி விடாமச் சொல்லுங்க."

அவர் தேத்தண்ணியை ஊதினார்.

"நான் இரிக்க ஒரு கதிர வைப்பன்" என்றார். "ஆரும் எடுத்து வேற இடத்தில வைக்காத கதிர."

அவள் அவர் இருந்த நீலப் பிளாஸ்டிக் கதிரையைப் பார்த்தாள்.

"நீ முற்றம் கூட்டக்குள்ள இதத் தூக்கி அங்கால வைப்பாய். ஒரு நாள் கிணத்தடியில, ஒரு நாள் வேலியோட, மழையெண்டா குசினிக்குள்ள. நான் வந்து, இண்டைக்கு எங்க வெச்சிரிக்காள் எண்டு பாத்து, அங்க போய் இரிப்பன்."

"இவ்வளவு காலமும் ஏன் சொல்லல்ல?"

"கோவமில்ல புள்ள. உன்ட வீடு, நீ கூட்டுறாய்." சிரித்துக்கொண்டே சொன்னார். சிரிப்பிலும் பொய்யில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் பொறுக்கவில்லை. சண்டை பிடித்திருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை சொல்லி ஆறியிருப்பாள்.

அடுத்தநாள் உசனார் காக்காவின் கடைக்குப் போய் நடந்ததெல்லாம் சொன்னாள். அவர் முதலில் தலையில் கைவைத்தார், பிறகு விழுந்து விழுந்து சிரித்தார். "என்ட பொஞ்சாதிக்கிட்டச் சொல்லாதீங்க தங்கச்சி, நானும் எனக்கெண்டு இப்பிடி ஒரு வீடு வாங்கப் போறன் எண்டு நினைப்பா" என்றார். கண்ணாடி மேசையும் தையல் மெஷினும் அலுமாரியும் வந்த லொறியிலேயே திரும்பிப் போயின. கட்டில் மட்டும் போகவில்லை. மறுபடி கதவைக் கழற்ற லொறிக்காரர்கள் கும்பிட்டு மறுத்துவிட்டார்கள். திருப்பிய சாமான்களுக்குப் பதிலாக அவள் ஒன்றே ஒன்று கேட்டு வாங்கினாள். அகன்ற கைகள் வைத்த, பிரம்பு பின்னிய, ஒரு சாய்மனைக் கதிரை.

இறக்கியவர்கள் அதைக் கூடத்தின் நடுவில் வைத்துவிட்டுப் போனார்கள். வாவியைப் பார்க்கத் திருப்பினால் நல்லது. யன்னலோரம் காற்று வரும். அவளுடைய கை பரபரத்தது. ஒரு பொருளை வைத்த இடத்தில் விட்டுப் பழக்கமில்லாதவள். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கதவைப் பூட்டினாள்.

ஆடிக் கச்சான் காற்று தென்னையெல்லாம் முறித்துவிடுவதுபோல அடித்த ஒரு பகலில் அவர்கள் வந்தார்கள். கம்சாயினி உள்ளே ஓடிப்போய்க் கத்தினாள். "மாமி! இந்த மயில் எனக்கு!"

நிருஷா கட்டிலைப் பார்த்தாள், அன்னப்பூரணியைப் பார்த்தாள். "மதினி, நான் அனுப்பின படம் கிடைச்சதுதானே?"

"கிடைச்சது புள்ள. மயில்தான் போக மாட்டன் எண்டிட்டு."

நிருஷாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் அன்னப்பூரணியின் கண் தம்பியில் இருந்தது. அவன் வாசலில் சப்பாத்தைக் கழற்றி ஓரமாக, ஒழுங்காக வைத்தான். உள்ளே வந்து பயணப் பையைச் சுவரோரமாகச் சாத்தினான். "நல்லாயிருக்கு அக்கா" என்றான். அவள் பயந்தது அப்படியே நடந்தது.

அவன் கதிரையைச் சுற்றி நடந்தான். "என்னக்கா, இத இப்பிடி நடுவுல வெச்சிரிக்கீங்க?"

"எங்க வைக்கிற எண்டு தெரியல்ல."

"சொல்லுங்க, எங்க வைக்கட்டும்?"

"எனக்கென்ன தெரியும்? உன்ட வீடு" என்றாள்.

ஜெயரூபன் நிருஷாவைப் பார்த்தான். அவள் குசினிக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். மகள் கட்டிலில் கிடந்தாள். கேட்க ஆளில்லை. தலைமுடி நரைத்த மனிதன், வகுப்பில் முதல் தடவை கரும்பலகைக்கு வந்த பிள்ளைபோல நின்றான். பிறகு கதிரையின் கையைப் பிடித்து யன்னலுக்கு இழுத்தான். இருந்து பார்த்தான். எழும்பிப் பின்விறாந்தைக்கு இழுத்தான்.

"தூக்குங்கப்பா, தரை கீறும்" என்றாள் நிருஷா.

"கீறட்டும்" என்றான்.

விறாந்தையில் வாவியைப் பார்த்து வைத்தான். சரிவரவில்லை. கதிரையைத் திருப்பித் தெருப்பக்கம் கொண்டுவந்தான். கோணாமலை உதவிக்கு ஓரடி வைத்தார், வைத்த காலைத் திரும்ப எடுத்துக்கொண்டார். புதுத் தரையில் கதிரைக்கால் போன வழியெல்லாம் வெள்ளைக் கோடுகள். வேர்த்து, சட்டையைக் கழற்றி, அந்தச் சட்டையைக் கட்டிலின் மயிலில் கொழுவிவிட்டு, மறுபடி இழுக்கத் தொடங்கினான். பை சுவரோரமாகத்தான் நின்றது. ஆனால் சட்டை மயிலில் தொங்கியது. அன்னப்பூரணி அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

அன்னப்பூரணியும் கோணாமலையும் தங்கள் வீட்டுக்குத் திரும்பியபோது பொழுது பட்டுக்கொண்டிருந்தது. கோணாமலை கிணற்றடிக்குக் கால் கழுவப் போனார். காற்றுக்கு முற்றமெல்லாம் சருகு. அவள் விளக்குமாற்றை எடுத்துக் கூட்டத் தொடங்கினாள். நீலக் கதிரை வழியில் நின்றது. பழக்கத்தில் தூக்கிவிட்டாள். தூக்கிய பிறகுதான் நினைவு வந்தது. எடுத்த இடத்திலேயே வைக்கலாம்தான். ஆனால் அதுவும் நேற்று அவள் வைத்த இடம்.

"இஞ்ச பாருங்க" என்று கூப்பிட்டாள். "இத எங்க வைக்கிற?"

"எங்கயாவது வை புள்ள."

அவள் வைக்கவில்லை. வாளிச் சத்தம் நின்றது. கோணாமலை ஈரக்காலோடு வந்து, அவள் கையில் கதிரையோடு நிற்பதைக் கண்டார். சிரிக்கப் போனவர் சிரிக்கவில்லை. வேலியைப் பார்த்தார், கிணற்றைப் பார்த்தார், மாமரத்தடியைப் பார்த்தார், அந்த முற்றத்துக்கு அன்றுதான் வந்தவர்போல.

கதிரை அவ்வளவு பாரமில்லை. அன்னப்பூரணி அதைப் பிடித்தபடியே நின்றாள்.