பந்தி இன்னும் எழும்பவில்லை

மூடாமல் விட்ட டிஸ்க்கில் பதிந்த நாள் முடிவதில்லை. தென்காசியில் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இதற்கென்றே ஒரு கடை இருக்கிறது. மசூது பாய் நடத்துகிறார். போன செவ்வாய்க்கிழமை என் டிஸ்க்கை அங்கே கொண்டுபோனேன்.

சின்ன டிஸ்க். உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். இருபது வருஷத்துக்கு முன்னால் என் கொழுந்தன் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த வீடியோ கேமராவில் இதைத்தான் போட வேண்டும். அழித்து அழித்து எழுதலாம் என்று அவன் சொன்னதும் எனக்குப் பிடித்துவிட்டது. ஒரே டிஸ்க்கில் ஆயுசு முழுக்க ஓட்டிவிடலாம் என்று நினைக்கிற ஆள் நான். என் மகள் உலகம்மைக்கு மூன்று வயதில் காது குத்தினோம். அன்றைக்கு வீட்டில் நடந்த விருந்தை அதில் எடுத்தோம். நிறுத்தும்போது, டிஸ்க்கை மூடட்டுமா என்று கேமரா கேட்டது. பாதிக்கு மேல் இடம் மிச்சம் இருக்கும்போது யாராவது மூடுவார்களா? வேண்டாம் என்று அமுக்கிவிட்டு உள்ளே போய்விட்டேன்.

அடுத்த வருஷம் என் வீட்டுக்காரர் கோமதிநாயகம் தவறிவிட்டார். அதற்கு அடுத்த வருஷம் கேமராவும் கெட்டுப்போனது.

அவருடைய போட்டோ நிறைய இருக்கிறது. குரல் இந்த டிஸ்க்கில் மட்டும்தான். உலகம்மைக்கு அப்பா குரல் நினைவே இல்லை. எனக்கும் கொஞ்ச நாளாக ஒரு தொந்தரவு. அவர் என்னென்ன சொல்வார் என்பதெல்லாம் அப்படியே ஞாபகம் இருக்கிறது. ஆனால் நினைத்துப் பார்த்தால் எல்லாம் என் குரலில் கேட்கிறது. இது எனக்குப் பயமாக இருந்தது.

டிஸ்க்கைச் சோப்புத் தண்ணீரில் கழுவினேன். பேஸ்ட் தடவித் துடைத்தேன். எந்த டிவிடி பெட்டியில் போட்டாலும், தயவுசெய்து டிஸ்க்கைப் போடவும் என்றே எழுதிக் காட்டியது. போட்டுத்தானே இருக்கேன், கண்ணு அவிஞ்சா போச்சு என்று ஏசியும் பார்த்தேன். கேட்கவில்லை. அதற்கப்புறம்தான் பாயிடம் போனேன்.

பாய் டிஸ்க்கைப் பெட்டியில் போட்டுவிட்டு ஹெட்போனை மாட்டிக்கொண்டார். கொஞ்ச நேரம் கண்ணை மூடி இருந்தார்.

“செஷன் மூடல அக்கா, அன்னைக்குப் பதிஞ்சது முடியாமக் கெடக்கு. பந்தி இன்னும் நடக்கு.”

“யார் யார் இருக்காங்க?”

“பதினோரு பேர் உக்காந்திருக்காங்க. யாரும் சாப்பிடல. எல்லாருக்கும் கை காஞ்சு போச்சு. நடுவுல ஒரு இலை பாதியில கெடக்கு. ரசஞ்சோறு பிசைஞ்சது பிசைஞ்சபடி இருக்கு. ஆளைத்தான் காணோம்.”

அது என் இலை. கேமராவில் சிவப்பு விளக்கு மின்னுகிறதே என்று நான்தான் பாதிச் சாப்பாட்டில் எழுந்துபோனேன். கேமராவை நிறுத்தினேன். உள்ளே பிள்ளை காது வலியில் அழுதாள். அவளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு நடந்ததில் இலை மறந்துபோனது. பந்தியில் ஒருத்தர் சாப்பிட்டு முடிக்காமல் மற்றவர்கள் எழுந்திருப்பது மரியாதை இல்லை. எங்கள் ஆட்கள் அதில் ரொம்பக் கறார். இருபது வருஷமாக எனக்காக உட்கார்ந்திருக்கிறார்கள். அதில் என் மாமியாருக்கு முழங்கால் வலி வேறு.

“அவ வரட்டும், கொஞ்சம் இருங்கன்னு ஒருத்தர் சொல்லிக்கிட்டே இருக்காரு,” என்றார் பாய்.

யார் என்று நான் கேட்கவில்லை. பாய் குரலில் கேட்டு எனக்கு என்ன பிரயோஜனம்? ஹெட்போனைக் கொடுங்கள் என்று கை நீட்டினேன். அவர் கொடுக்கவில்லை.

“சொந்தக்காரங்க கேக்கக் கூடாது அக்கா. நீங்க காது குடுத்தா உள்ள எல்லாரும் திரும்பிப் பாப்பாங்க. டிஸ்க்குல கீறல் விழுந்துரும். முதல்ல உங்க இலையை முடிங்க.”

ஒரு பொத்தானை அமுக்கினார். பெட்டியிலிருந்து தட்டு வெளியே வந்தது. அதில் என் இலை இருந்தது. சோறு சூடாகவே இருந்தது. ஓரத்தில் அவியல், பாதி அப்பளம், நான் தொடாத நார்த்தங்காய் ஊறுகாய். கடையில் எனக்கு முன்னால் வந்து காத்திருந்த ஒரு அம்மா தன் பையை மேசையிலிருந்து எடுத்து இடம் விட்டார். சாப்பிடுங்க, எனக்கு அவசரமில்லை என்றார். அவருடைய டிஸ்க்கில் இருப்பது கல்லூரிக் கடைசி நாளாம். இன்னும் கை தட்டி முடியவில்லையாம்.

பாய் கை கழுவத் தண்ணீர் கொடுத்தார். உட்கார்ந்து சாப்பிட்டேன். ரசத்தில் மிளகு தூக்கல். என் மாமியார் கை அப்படித்தான். அன்றைக்கு மனசுக்குள் குறை சொல்லிக்கொண்டே சாப்பிட்டேன். இப்போது எனக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே சாப்பிட்டேன். ஊறுகாயைக்கூட விடவில்லை.

முடித்ததும் பாய் கேட்டார்.

“எந்தப் பக்கம் மடிக்கப் போறீங்க? உங்களைப் பாக்க மடிச்சா செஷன் மட்டும்தான் மூடும். அந்தப் பக்கம் தள்ளி மடிச்சா டிஸ்க்கே மூடிரும். அப்புறம் ஒண்ணும் எழுத முடியாது.”

இலையை அந்தப் பக்கம் மடிப்பது துக்க வீட்டில். அந்தப் பதினோரு பேரில் நாலு பேர் இப்போது இல்லை. அதனால் பாய் கேட்டதில் தப்பில்லை. ஆனாலும் அது காதுகுத்து விருந்து. இலையை என்னைப் பார்க்க மடித்தேன். தட்டு உள்ளே போனது.

பாய் விரலை மடக்கி எண்ணினார்.

“எழும்புதாங்க. உங்க மாமியாருக்கு யாரோ கை குடுக்காங்க. ஒன்பது. பத்து.” அதோடு நின்றுவிட்டார். “ஒருத்தர் எழும்பல.”

“யாரு?”

“இன்னொரு கரண்டி ரசம் கேக்காரு.”

எனக்குச் சுறுக்கென்று கோபம் வந்தது. மனுஷன் எப்பவும் இப்படித்தான். கல்யாண வீடானாலும் சரி, காரிய வீடானாலும் சரி, அடுத்த பந்திக்கு ஆள் பின்னால் வந்து நிற்கும்போதுதான் இவருக்கு ரசத்தின் மேல் ஆசை வரும். எத்தனை தடவை தொடையில் கிள்ளியிருப்பேன்! மற்றவர்கள் எழுந்துவிட்டார்கள் என்பது ஒரு பொருட்டே இல்லை.

“ரசம் நான்தான் கொண்டுவரணுமா?”

“ஆமா. பரிமாறுறவங்க வேற யாரும் உள்ள இல்ல. ஆனா ஒண்ணு அக்கா. பரிமாறுறவங்க கேக்கலாம். அதுல தடை இல்ல.”

புதன்கிழமை மத்தியானம் ரசம் வைத்துக் கொண்டுபோனேன். மாமியார் போடுகிற மாதிரி மிளகை அள்ளிப் போட்டேன். பாய் தட்டைத் திறந்து வைத்தார். கரண்டியை மெதுவாகச் சாய்த்தேன். ரசம் எங்கேயும் சிந்தவில்லை. உள்ளே போய்க்கொண்டே இருந்தது.

“போதும். போ...தும்.”

பெட்டிக்குள்ளிருந்து வந்தது. அவர்தான். நான் நினைத்து வைத்திருந்ததைவிட மெலிந்த குரல். முதல் போதும் வேகமாக வந்தது. இரண்டாவதை இழுத்துச் சொன்னார், அதற்குள் இன்னும் ஒரு கரண்டி விழட்டும் என்று. இதை நான் சுத்தமாக மறந்திருந்தேன். இன்னொரு கரண்டி ஊற்றினேன்.

வியாழக்கிழமையும் போனேன். வெள்ளிக்கிழமையும் போனேன். மூன்று நாளும் போதும் என்றார், மூன்று நாளும் இழுத்தார். கரண்டியை எடுத்துவிட்டால் எனக்குக் கேட்காது. அதற்குமேல் சொல்வதைப் பாய்தான் கேட்டுச் சொல்ல வேண்டும். வெள்ளிக்கிழமை பாய் சொன்னார்:

“பாப்பாவுக்குக் காது வலி நின்னுச்சான்னு கேக்காரு. அப்புறம் மோர் வரலியேன்னு சொல்லுதாரு.”

மோர் கடைசி. மோர் ஊற்றிச் சாப்பிட்டால் அவரும் இலையை மூட வேண்டியதுதான். மூடிவிட்டால் டிஸ்க் எந்தப் பெட்டியிலும் ஓடும். எத்தனை தடவை வேண்டுமானாலும் போட்டுப் பார்க்கலாம். ஆனால் அதில் இருப்பது அன்றைக்குப் பேசியதுதான். இப்போது மாதிரி நாம் ஊற்ற ஊற்ற, போதும் என்று சொல்ல மாட்டார். ரசம் என்றால் நான் பாட்டுக்குத் தினமும் கொண்டுபோய்க்கொண்டிருக்கலாம். மனசு அதற்குத்தான் ஆசைப்பட்டது.

அன்றைக்குச் சாயங்காலம் உலகம்மைக்குப் போன் பண்ணினேன். ஓசூரில் வேலை பார்க்கிறாள். எல்லாவற்றையும் சொன்னேன்.

“நீ மூணு தடவை கேட்டுட்டியா?” என்றாள்.

“கேட்டுட்டேன்.”

“அப்ப மோர் நான் ஊத்துதேன்.”

சரி என்றேன். எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது. ஆனால் அவள் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. தயிருக்கு உறை ஊற்றி வைத்தேன்.

நேற்றுக் காலையில் பஸ்ஸிலிருந்து இறங்கும்போதே இரண்டு காதையும் பொத்திக்கொண்டு இறங்கினாள். கிருஷ்ணகிரி தாண்டியதிலிருந்து வலிக்கிறதாம். வீட்டுக்கு வந்து தோட்டைக் கழற்றிப் பார்த்தேன். துளையைச் சுற்றிப் புதிதாகச் சிவந்திருந்தது. மஞ்சளைத் தேங்காய் எண்ணெயில் குழைத்துப் போட்டுவிட்டேன். இருபத்து மூன்று வயதுப் பிள்ளை என் தோளில் சாய்ந்து அழுதாள். அன்றைக்கு மாதிரியே முதுகைத் தட்டிக் கொடுத்தேன்.

மத்தியானம் மோர்ச் செம்பை அவள் எடுத்துக்கொண்டாள். உப்புப் போடவில்லை. அவர் தானே போட்டுக்கொள்வார். கடைவாசலுக்குப் போனதும் என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

“அம்மா, வலி நின்னுச்சான்னு கேட்டா என்ன சொல்ல?”

“இன்னும் வலிக்குன்னு சொல்லு. இன்னும் கொஞ்சம் இருப்பாரு,” என்றேன்.