ஜெகதீஸ்வரி நினைவு ஓவர்டைம்

பாயான் லெப்பாஸில் கம்ப்யூட்டர் சிப் செய்யும் அந்தத் தொழிற்சாலையில், செத்தவர்களைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்வதற்கென்றே ஓர் இலாகா உண்டு. உயிரோடு இருக்கிறவர்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்புவதும் அதே இலாகாதான். எஞ்சினியர் ஜெகதீஸ்வரிக்கு இரண்டுமே கிடைத்தன. டெங்கிக் காய்ச்சலில் அவள் போய்ச் சேர்ந்த மறுவாரம், கேண்டீன் சுவரில் ஆளுயரப் பேனர் தொங்கியது. ‘முடியாது என்ற சொல்லையே அறியாதவர். அவர் வழி நடப்போம்.’

மீனாட்சிக்குச் சிரிப்புதான் வந்தது. கெலுகோரில் படித்த நாளிலிருந்து அவளும் ஜெகதீஸ்வரியும் ஒரே அறை; ஒரே நாளில்தான் வேலைக்கும் சேர்ந்தார்கள். ஜெகா அறிந்திருந்த ஒரே சொல்லே அந்த ‘முடியாது’தான். ஞாயிற்றுக்கிழமை வேலைக்குக் கூப்பிட்டால் “முடியாது” என்பாள். ஏன் என்று கேட்டால், கேட்டவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பாள். அவ்வளவுதான். கேட்டவர்தான் கடைசியில் கூச்சப்பட்டு நகர்வார்.

மீனாட்சிக்கு அந்தச் சாமர்த்தியம் வரவில்லை. ஒருமுறை, ஞாயிற்றுக்கிழமை பஸ் கிடையாது என்று சொல்லிப் பார்த்தாள். பணியாளர் இலாகாவின் வாசு, வாசலுக்கே வேன் அனுப்பிவிட்டார். அன்று வேனில் ஏறப் போனவளிடம் ஜெகா கட்டிலில் படுத்தபடி சொன்னாள்: “காரணம் சொன்னே, மாட்டினே. ஒவ்வொரு காரணத்துக்கும் அவனுங்க ஒரு வேன் வெச்சிருக்கானுங்கடி.”

அதே வாசு இப்போது முகத்தைத் துக்கமாக வைத்துக்கொண்டு வந்து, அச்சடித்த தாளை மீனாட்சி கையில் திணித்தார். காலை ஷிப்ட் தொடங்குமுன் எல்லார் முன்னாலும் வாசிக்க வேண்டுமாம். ஜெகாவின் வாழ்க்கைப் பாடம் என்று தொடங்கிய தாள், அவள் நினைவாக வரும் ஞாயிறு எல்லாரும் வேலைக்கு வரக் கை தூக்குமாறு கேட்டு முடிந்தது. வேனுக்குக்கூடச் சொல்லியாகிவிட்டதாம். மீனாட்சியின் வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை என்பதையும், யாருக்கோ நல்லது சொல்வதுபோல நினைவுபடுத்திவிட்டுப் போனார்.

அவள் மறுபடி பேனரைப் பார்த்தாள். சிப் அறைக்குள் எடுத்த படம். அங்கே தலை முதல் கால் வரை வெள்ளை உடுப்பு, முகமூடி. கண் மட்டும்தான் தெரியும். அந்தக் கண்ணுக்கு மேலே, இடது புருவத்தைக் குறுக்கே வெட்டிய தழும்பு. மோட்டார் சைக்கிளிலிருந்து மீனாட்சி விழுந்து வாங்கிய தழும்பு.

மாலை போட்டு மஞ்சள் சாமந்திக்கு நடுவில் தொங்குவது மீனாட்சியேதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை, வேலைக்கு வந்தவர்களை இலாகா எடுத்த படம். ஜெகா எந்த ஞாயிற்றுக்கிழமை இவர்கள் கேமரா முன்னால் நின்றாள்?

கேண்டீனில் கூட்டம் கூடியது. அவள் தாளை மடித்தாள்.

“இது ஜெகா இல்ல,” என்று பேனரைக் காட்டினாள். “நான். கூப்பிட்ட ஞாயிறெல்லாம் வந்தவ நான்தான். படத்த மாத்தாதீங்க, எழுதினது எனக்குச் சரியாத்தான் இருக்கு.”

யாரோ சிரித்தார்கள். வாசு பேனரையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

“அவ பாடம் வேற. முடியாதுன்னு சொல்லு, காரணம் சொல்லாத. அவ்வளவுதான்,” என்றாள் மீனாட்சி.

வாசு குரலைத் தாழ்த்தி, இந்த நேரத்தில் இப்படிப் பேசலாமா, செத்தவளுக்கு இதுதான் மரியாதையா என்றார். பிறகு கேட்டார்: “அப்ப ஞாயித்துக்கிழம நீ வருவேல்ல?”

“முடியாதுண்ணே.”

“ஏன் லா?”

அம்மாவைப் பார்க்கப் போகணும், தலைவலி, துணி துவைக்கணும் என்று காரணங்கள் வரிசையாக நாக்கு வரைக்கும் வந்து நின்றன. ஒன்றையும் வெளியே விடாமல் அவர் முகத்தையே பார்த்தாள். வேலை போனாலும் போகும். போகட்டும், அதற்கும் ஒரு பேனர் அடிப்பார்கள்.

வாசு திரும்பி, முன்வரிசையில் நின்ற நஸீஹாவைப் பிடித்தார். போன மாதம்தான் சேர்ந்தவள். அவர் கேட்குமுன்பே பாதி கை தூக்கி வைத்திருந்தாள்.

“நீ நல்ல பிள்ள. நீ வருவேதானே?”

நஸீஹா கையை இறக்கினாள். “முடியாது அண்ணே.”

“உனக்கு என்ன வந்துச்சு?”

அவள் அவர் முகத்தையே பார்த்தாள். அவளுக்குப் பின்னால் இருந்தவர்களும் அவரையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

வாசு போனை எடுத்துக்கொண்டு கேண்டீன் மூலைக்குப் போனார். “ஞாயித்துக்கிழம வேன் வேணாம்,” என்பது எல்லாருக்கும் கேட்டது. மறுமுனையில் டிரைவர் ஏன் என்று கேட்டிருக்க வேண்டும். வாசு போனையே பார்த்துக்கொண்டு நின்றார்.