நோட்டுக்காரர்களுக்குச் சொல்வது

சமுதாயக் கூடத்து வாசலில் ஜெயாவின் முகத்தை எட்டடி உயரத்துக்கு ஃபிளெக்ஸில் கட்டியிருந்தார்கள். அளத்து வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்ற முகம். அதைக் கறுப்பு வெள்ளையாக்கி, கண்ணீர் அஞ்சலிப் படம் மாதிரி பண்ணியிருந்தார்கள். கீழே பெரிய எழுத்தில், “இந்த மண்ணில் இனி உப்பு விளையாது – ஜெயா, உப்பளத் தொழிலாளி.” அதற்கும் கீழே, ‘காலநிலை மாற்றமும் நம் கழிமுகமும்: மக்கள் சந்திப்பு. மதிய உணவு உண்டு.’

ஜெயாவுக்கு எழுத்துக்கூட்டி வாசிக்க வரும். இரண்டு தடவை கூட்டினாள்.

“என்னாடி, நீ செத்துட்டியா? சொல்லவே இல்ல,” என்றாள் முத்தம்மாள். பக்கத்து வீட்டுக்காரி, ஒரே அளத்தில் வேலை. “மாலை ஒண்ணுதான் கொறச்சல்.”

“வாய மூடு.”

“நான் மூடிக்கிறேன். நீதான் அன்னிக்கே மூடியிருக்கணும்.”

மேஸ்திரி கன்னியப்பன் ஃபிளெக்ஸை விரலால் சுண்டிப் பார்த்தார். “நல்லா கனமாத்தான் போட்டுருக்கானுங்க. முடிஞ்சதும் கேட்டு வாங்கிடு ஜெயா. மழை வந்தா உப்பு மேல போத்தலாம்.”

கூட வந்திருந்த அளத்து ஜனம் சிரித்தது. ஜெயா சிரிக்கவில்லை. ஃபிளெக்ஸில் இருந்த வார்த்தை அவள் சொன்னதுதான். எங்கே, யாரிடம் சொன்னாள் என்பதும் ஞாபகம் இருந்தது.

மூன்று வாரத்துக்கு முன்னால் பெருமுக்கல்லிலிருந்து இலக்கியா என்று ஒரு காலேஜ் பெண் ஸ்கூட்டியில் வந்து கரை மேல் நின்றாள். கையில் நோட்டு, பேனா, போன். கையில் நோட்டோடு யார் வந்தாலும் அளத்து ஜனம் சொல்வது ஒன்றுதான்: எல்லாம் போச்சு. ஒரு புயலுக்குப் பிறகு பழகிய பழக்கம் அது. அந்த வருஷம் சேதம் எழுத வந்தவர்களிடம் ‘பாதி போச்சு’ என்று நிஜத்தைச் சொன்னவர்களின் பெயர் பட்டியலிலேயே வரவில்லை. ‘எல்லாம் போச்சு’ என்றவர்களுக்கு நிவாரணம் வந்தது. அடுத்த மழைக்குக் கன்னியப்பன் எல்லோரையும் கரையில் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தார்.

“எவன் நோட்டோட வந்தாலும் பாதி கீதின்னு எவளும் வாயத் தொறக்கக் கூடாது. மண்ணே செத்துப்போச்சின்னு சொல்லு. அழுகை வந்தா அழு.”

அதற்கப்புறம் வந்தவர் எந்த ஆபீஸ் என்று யாரும் கேட்பதில்லை. பேங்க்காரர், டிவிக்காரர், காலேஜ் பிள்ளைகள், எல்லோருக்கும் அதே பாட்டு. இலக்கியாவுக்கும் ஜெயா மூச்சுவிடாமல் பாடினாள். அழுகையும் நன்றாகவே வந்தது. “அப்ப அங்க குவிச்சு வச்சிருக்கிற உப்பு என்னக்கா?” என்று அந்தப் பெண் கேட்டதற்கு, “அது போன வருசத்து மிச்சம்மா, வாங்க ஆளில்ல,” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

முழுப் பொய்யும் இல்லை. வானம் கெட்டுத்தான் போயிருந்தது. பெய்யக் கூடாத மாசியில் மூன்று நாள் விடாமல் பெய்து, கட்டியிருந்த உப்பில் பாதியைக் கரைத்துவிட்டுப் போனது. ஆனால் பங்குனி வெயில் ஏறியதும் பாத்தியில் உப்பு மறுபடி கட்டிக்கொண்டது. இப்போது வைகாசி. தினமும் வாரிக்கொண்டுதான் இருக்கிறார்கள். அதை நோட்டுக்காரியிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது என்றிருந்தாள்.

கூடத்துக்குள் பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தார்கள். முன்வரிசையில் தொப்பியும் கூலிங்கிளாஸுமாகப் பாண்டியிலிருந்து வந்த பிள்ளைகள். மேடையில் தமீம் அன்சாரி. கோட்டக்குப்பத்துக்காரர். துபாயில் பதினான்கு வருஷம் ஏசி மெக்கானிக்காக இருந்துவிட்டுத் திரும்பியவர். இந்தக் கழிமுகக் காப்புச் சங்கத்தை நடத்துவது அவர்தான். அவருக்குப் பக்கத்தில் தாலுகா ஆபீஸிலிருந்து வந்த வருவாய் ஆய்வாளர், மடியில் ஒரு தடித்த ஃபைலோடு, தூக்கத்தை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

தமீம் திரையில் ஒரு மேப்பைப் போட்டார். கடல் நீலம், ஊர் மஞ்சள். கழிமுகத்தை ஒட்டி ஒரு துண்டுக்கு மட்டும் பச்சை அடித்திருந்தது.

“இந்த நாப்பது ஏக்கர்தான் நம்ம கேக்குறது. இங்க இருக்குற அளத்தோட குத்தகை இந்த வருஷத்தோட முடியுது. அத மறுபடியும் குடுக்காதீங்க, கரைய உடைச்சிட்டு தண்ணிய உள்ள விடுங்க, அலையாத்தி மரம் வைங்கன்னு அரசாங்கத்துக்கு ஒரு தீர்மானம் போடப்போறோம். அங்க வேலை செய்றவங்களே சொல்லிட்டாங்க, இனிமே அது வெளயாத மண்ணுன்னு. வாசல்ல பாத்திருப்பீங்க.”

கன்னியப்பன் நிமிர்ந்தார். முத்தம்மாள் சிரிப்பதை நிறுத்தினாள். அந்தப் பச்சைத் துண்டு அவர்களுடைய அளம்.

ஜெயா கணக்குப் போட்டாள். மற்ற அளங்களில் ஆள் நிரம்பிவிட்டது. நாற்பத்தாறு வயசுக்காரியைப் புதிதாகச் சேர்க்க ஒருத்தனும் இல்லை. மழை மாசத்தில் பாண்டிக்குச் சித்தாள் வேலைக்குப் போய்ப் பார்த்திருக்கிறாள். இரண்டாவது மாடிக்குக் கலவைச் சட்டி தூக்கும்போது முட்டி பிசகியது. அந்த முட்டி இனிமேல் படி ஏறாது. சமதரையில் நின்று உப்பு வாரும் பலகையை இழுக்கும், அவ்வளவுதான். பாத்தி போனால் அவளுக்கு வேலை என்று ஒன்று உலகத்தில் கிடையாது.

எழுந்து நின்றாள்.

“எம்மூஞ்சிய வாசல்ல மாட்டச் சொன்னது யாரு?”

மைக் இல்லாமலே கூடம் முழுக்கக் கேட்டது. இலக்கியா மேடையோரத்திலிருந்து ஓடி வந்தாள்.

“அக்கா, கேட்டுட்டுத்தான எடுத்தேன்…”

“போட்டோ எடுக்கத்தான் கேட்ட. எங்கழுத்த அறுக்கறேன்னு சொன்னியா?”

“உக்காருங்கக்கா,” என்றார் தமீம். “உங்களுக்காகத்தான் இவ்ளோ பாடுபடுறோம்.”

“எனுக்காகவா? பத்து நாளு எங்கூட பாத்தியில நின்னுட்டு வந்து பேசு. ஏசி ரிப்பேரு பாத்த ஆளுக்கு எங்க மண்ணப் பத்தி என்னா தெரியும்?”

பின்வரிசையில் ஒருத்தன் விசிலடித்தான். தமீமின் முகம் மாறியது. மைக்கைக் கீழே வைத்துவிட்டு மேடை விளிம்புக்கு வந்தார்.

“எனக்குத் தெரியாதா? நான் அங்க வேகாத வெயில்ல கம்ப்ரஸர் தூக்கி அனுப்புன காசுல எங்க வாப்பா கட்டுன வீடு கடலுக்குள்ள கெடக்கு. சமையக்கட்டு சுவரு மட்டும் இன்னும் நிக்கிது, போயி பாருங்க. உங்க அளத்துக்கும் அதேதான். கடல் உள்ள வருது. இன்னும் பத்து வருஷம். அதுக்கு மேல உங்க பாத்தி தண்ணிக்கு அடியில.”

“பத்து வருசம் போதும்யா எனுக்கு. அதுக்கு மேல வேலை செய்ய ஒடம்பு எங்க இருக்குது?”

“ஊரு இருக்கணுமா வேணாமா?”

“நான் இருக்கணுமா வேணாமா? அத மொதல்ல சொல்லு.”

அளத்து ஜனம் கை தட்டியது. தமீம் திரும்பி, “இலக்கியா, போடும்மா,” என்றார்.

ஸ்பீக்கர் கரகரத்தது. பிறகு ஜெயாவின் குரல், அவள் தொண்டையைவிடப் பெரிதாக வந்தது. “மண்ணே செத்துப்போச்சும்மா… இனிமே இதுல ஒரு படி உப்பு வெளயாது… நாங்க எங்க போவோம், என்னா பண்ணுவோம்…” அப்புறம் மூக்கை உறிஞ்சும் சத்தம். முன்வரிசைப் பிள்ளைகளில் ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“இத நானா பேசுனேன்?” என்றார் தமீம். “என்னைக் கேக்குறீங்களே.”

“அது பொய்யி,” என்றாள் ஜெயா.

வருவாய் ஆய்வாளருக்குத் தூக்கம் கலைந்தது. “என்னம்மா சொன்ன?”

“ஏய், உக்காருடி,” என்று கன்னியப்பன் புடவையைப் பிடித்து இழுத்தார். பிறகு மேடையைப் பார்த்து இளித்தார். “சார், அதுக்குக் கொஞ்சம் உடம்பு சரியில்ல. விட்ருங்க.”

“இருய்யா.” ஆய்வாளர் மடியிலிருந்த ஃபைலைத் தட்டினார். “மாசி மழைக்கு உங்க ஆளுங்க குடுத்த மனுவெல்லாம் இதுலதான் இருக்கு. அத்தினி பேரும் முழுச் சேதம்னு எழுதியிருக்கீங்க. இன்னும் கையெழுத்துக்குப் போகல. மண்ணு செத்துப்போச்சா, இல்லியா? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க.”

“செத்துத்தான் போச்சு சார்,” என்றார் கன்னியப்பன். “ஆனா அளம் எங்களுக்கு வேணும்.”

“செத்த மண்ண வச்சு என்னாய்யா பண்ணப்போற? பொதைக்கப் போறியா?”

பாண்டிப் பிள்ளைகள் சிரித்தார்கள். அளத்து ஆட்கள் எல்லோரும் ஜெயாவின் முதுகைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உட்கார்ந்துவிட்டால் நிவாரணம் வரும், ஒரு தடவை. அளம் போகும், ஒரேயடியாக. அவர்களுக்கும் இது தெரியாமல் இல்லை. ஆனால் கையெழுத்துக்குக் காத்திருக்கும் காகிதம் கண் எதிரில் இருந்தது. அளம் போவது இன்னும் மேப்பில்தான் இருந்தது.

ஜெயா உட்காரவில்லை.

“பாதிதான் போச்சு சார். மழை பேஞ்சது நெஜம், கரைஞ்சது நெஜம். பங்குனிலேருந்து நல்லாத்தான் கட்டுது. இன்னிக்குக் காலையிலகூட வாரிட்டுத்தான் வர்றோம். வந்து குவியலப் பாருங்க.”

“அப்ப இந்த மனு?”

கன்னியப்பன் பிடித்திருந்த புடவையை அவள் விடுவித்துக்கொண்டாள்.

“எல்லாரும் எழுதுனதத்தான் நானும் எழுதுனேன்.”

நாற்காலிகள் ஒரே நேரத்தில் பின்னால் தள்ளப்பட்டன.

“அடிப்பாவி! எம்பேரும் அதுலதான்டி கெடக்குது!” முத்தம்மாள் நாற்காலியைத் தாண்டி வந்து ஜெயாவின் தோளில் ஓங்கி அடித்தாள். “கூரை பிரிஞ்சு கெடக்குது எனுக்கு. தார்ப்பாயக் கட்டிக்கினு படுத்திருக்கேன். உன்ன யாரு அரிச்சந்திரன் பொண்டாட்டியாவச் சொன்னா?”

“அளம் போனா தார்ப்பா வாங்கக்கூட வழியில்ல, அது தெரியுமா உனுக்கு?”

“தெரிஞ்சவதான் கரையில நின்னு ஒப்பாரி வச்சியா?”

யாரோ பின்னாலிருந்து காலி டீ கப்பை எறிந்தார்கள். அது அவள் மேல் படாமல் இலக்கியாவின் மேல் பட்டது.

ஆய்வாளர் எழுந்தார். “மனு மொத்தமும் மறு விசாரணைக்குப் போவும். நேர்ல வந்து பாத்துட்டு எழுதுறேன்,” என்று மைக்கில் சொல்லிவிட்டு, ஃபைலை அக்குளில் வைத்துக்கொண்டு இறங்கினார். தமீம் மைக்கை வாங்கி, நாற்பது ஏக்கர் தீர்மானத்தை இன்று எடுக்கவில்லை, விசாரணை முடியட்டும் என்றார். குரலில் உயிர் இல்லை. சாப்பாடு தயார் என்று சொல்லவும் மறக்கவில்லை.

மேடையிலிருந்து இறங்கி வந்த தமீம் ஜெயாவுக்கு நேராக நின்றார்.

“ஜெயிச்சிட்டீங்கக்கா. இதே மாதிரி கடல்கிட்டயும் போயி மாத்திச் சொல்லிப் பாருங்க.”

“சொல்றேன். அதையும் ஒரு நோட்ட எடுத்துக்கினு வரச் சொல்லு.”

தமீம் தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டார்.

கூடத்தின் பக்கவாட்டில், வாசலை ஒட்டிச் சாப்பாட்டு வரிசை நின்றது. ஜெயா குழாயில் கை கழுவும்போது கன்னியப்பன் பக்கத்தில் வந்தார். கத்தவில்லை. அதுதான் மோசம்.

“நாளையிலேருந்து வராத. வேற ஆளு பாத்துக்கிறேன்.”

“அளம் தப்பிச்சது யாரால?”

“உன்னாலதான். அதுல நாங்க வேலை செய்றோம். நீ ஊட்ல கெட.”

“மேஸ்திரின்னா நீ வச்சது சட்டமா?”

“பாத்தியில எவள நிக்க வைக்கணும்னு நாந்தான் சொல்லணும். முப்பது வருசமா அப்படித்தான் நடக்குது. போய் உங்கதையை அந்தத் துபாய்க்காரன்கிட்டயே சொல்லு. மரம் நட ஆள் எடுப்பான்.”

ஜெயா கையை உதறினாள். கூடத்து வாசலில் ஆய்வாளரின் ஜீப் இன்னும் நின்றது. அவர் வெளியில் நின்று போனில் பேசிக்கொண்டிருந்தார்.

“கரையில ஒக்கார வச்சு எல்லாருக்கும் சொல்லிக் குடுத்தது யாருன்னு அவரு கேக்கல,” என்றாள். “கேக்காட்டியும் சொல்லலாம். நாலு எட்டுதான்.”

கன்னியப்பன் ஜீப்பைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். கழுத்து நரம்பு புடைத்தது.

“ஊரே உன்னைக் காறித் துப்புது. இன்னும் அடங்கலியா நீ?”

“துப்பட்டும். எனுக்குப் பாத்தி வேணும்.”

“எவ கத்துக் குடுத்தா உனுக்கு இப்படிப் பேச?”

“எவளும் இல்ல. நீதான்.”

ஜீப் ஸ்டார்ட் ஆகும் சத்தம் கேட்டது. ஜெயா ஒரு அடி எடுத்து வைத்தாள்.

“நில்லு,” என்றார் கன்னியப்பன். “அஞ்சு மணிக்கு வந்துடு. ஒரு நிமிசம் தள்ளி வந்தாலும் பலகை கெடையாது. எவளும் உங்கிட்ட பேச மாட்டா. தண்ணி எடுத்தாந்து வச்சுக்க. எங்க கொடத்துல கை வைக்காத.”

“சரி.”

ஜீப் ரோட்டில் திரும்பி மறைந்தது. அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, வரிசையின் முன்பக்கம் போய் நின்றுகொண்டார்.

ஜெயா ஒரு தட்டை எடுத்துக்கொண்டு கடைசியில் நின்றாள். அவளுக்கு முன்னால் நின்றது முத்தம்மாள். திரும்பிப் பார்த்ததும் முந்தானையை இழுத்துத் தன் பக்கம் ஒதுக்கிக்கொண்டாள்.

“எம்பக்கத்துப் பாத்தியில வந்து நிக்காத.”

“மேஸ்திரி எங்க நிக்கச் சொல்றாரோ அங்கதான் நிப்பேன்.”

“நின்னு பாரு. பலகையாலயே போடுவேன் தலையில.”

“போடு,” என்றாள் ஜெயா. “வரிசை நகருது பாரு. முன்னால போ.”