வாய் நிறையத் தண்ணீர்

இங்கே சொல்லப்போவதில் ஓர் எழுத்துக்கூடப் பொய் கிடையாது. குன்றத்தூர் மலைக்கு ஏறுகிற படிகள் ஒவ்வொன்றின் மேலும் சத்தியம். அதற்குப் பிறகும் சந்தேகப்படுகிறவர்கள் ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளட்டும்: இது முழுக்க முழுக்க பம்மல் ஹனீஃபா பாய் தன் வாயால் சொன்னது. ஹனீஃபா பாயால் பொய் சொல்ல முடியாது. நல்லவர் என்பதால் அல்ல. நல்லவர்தான், அது வேறு விஷயம். பொய் சொன்னால் அவருக்கு விக்கல் வந்துவிடும்.

2007 ஜூலையில் ஒரு வியாழக்கிழமை காலை ஆறு மணிக்கு ஹனீஃபா பாய் சமையலறையில் நின்று வாய் நிறையத் தண்ணீரை நிரப்பிக்கொண்டார். மனைவி சபீஹா அவருடைய இரண்டு கன்னங்களையும் விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, இன்னும் கொஞ்சம் பிடிக்கும் என்று கால் டம்ளர் கூட ஊற்றினாள். மகள் இஃப்ரா சான்றிதழ் ஃபைலை நெஞ்சோடு அணைத்தபடி வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள். அன்றைக்கு அவளுக்கு இன்ஜினியரிங் கவுன்சலிங்.

"முழுங்கிடாதீங்க," என்றாள் சபீஹா. "எது கேட்டாலும் தலைய மட்டும் ஆட்டுங்க. பேசறதெல்லாம் அவ பேசிக்குவா."

தலையாட்டினால் விக்கல் வராது. அதை ஒரு வாரமாகப் பரிசோதித்து உறுதி செய்திருந்தார்கள்.

பம்மல் மெயின் ரோட்டில் பெல்ட்டும் மணிபர்சும் தைத்து விற்கிற கடை ஹனீஃபா பாயுடையது. அசல் தோல்தானா என்று கேட்கிற வாடிக்கையாளர் யாரும் பெல்ட்டைப் பார்ப்பதில்லை, அவருடைய தொண்டையைத்தான் பார்ப்பார்கள். தொழில் தொடங்கிய புதிதில் ஒரேயொரு முறை ரெக்சினைத் தோல் என்று சொல்லப்போய், வந்த விக்கலில் சட்டைப் பொத்தான் இரண்டு தெறித்து எதிர்க்கடைக் கண்ணாடிக் குடுவையில் விழுந்தன. அன்றோடு, மற்றவர்கள் பீடியை விடுவது மாதிரி, பொய்யை விட்டார். அதற்கு முன்பே, பெண் பார்க்கப் போனபோது சபீஹாவின் அண்ணன் அக்தர், மாப்பிள்ளைக்கு சிகரெட் பழக்கம் உண்டா என்று விசாரித்தார். இல்லை என்று சொல்லிவிட்டு மாப்பிள்ளை விக்கினார். சபை திகைத்தது. அக்தர் மட்டும் சிரித்துக்கொண்டே, ஆயுசுக்கும் எதையும் மறைக்கத் தெரியாத மாப்பிள்ளை வேறெங்கே கிடைப்பான் என்று நிக்காஹ் தேதியைக் குறிக்கச் சொல்லிவிட்டார்.

அப்படிப் பொய்யை விட்டவர் பிறகு தெரிந்தே சொன்ன பொய் ஒன்று உண்டு. 1995இல் தெருக்கோடிப் பள்ளிக்கூடத்தில் இஃப்ராவை ஒன்றாம் வகுப்பில் சேர்க்கப் போனார். ஜூலைக்குள் ஐந்து முடிந்திருக்க வேண்டும் என்றார் தலைமையாசிரியை ஹில்டா. இஃப்ரா பிறந்ததோ நவம்பர் ஒன்பது, வீட்டிலேயே, முழங்கால் அளவு மழைத் தண்ணீர் தெருவில் ஓடிய ஒரு நாளில். அந்தத் தண்ணீரில் இறங்கிப் போய் யாரும் எங்கும் பதிவு செய்யவில்லை. அடுத்த வருடம் வாருங்கள் என்று ஹில்டா டீச்சர் பதமாகத்தான் சொன்னார். ஆனால் பெரியவர்கள் பேசி முடிப்பதற்குள் இஃப்ரா தானாகவே வகுப்புக்குள் போய் முதல் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். எழுந்திருக்க மறுத்துவிட்டாள். இரண்டு ஆசிரியைகளும் ஆயாவும் சேர்ந்து இழுத்ததில் பெஞ்சு அவர்களோடு வராந்தா வரை வந்தது. பெஞ்சை விட்டு இஃப்ரா வரவில்லை. வராந்தாவில் பெஞ்சோடு உட்கார்ந்து அழுத பிள்ளையைப் பார்த்த ஹனீஃபா பாய், டீச்சரிடம் திரும்பி, இப்போதுதான் ஞாபகம் வருகிறது, அது நவம்பர் இல்லை, ஜூன் ஒன்பது என்றார்.

மூன்று நாள் விக்கல். நொடி பிசகாத விக்கல். அந்த மூன்று நாளும் பக்கத்து வீட்டு லோகநாயகி அக்கா அதை எண்ணித்தான் முட்டை வேகவைத்தாள்.

பன்னிரண்டு வருடம் அந்தப் பொய்யால் ஒரு தொந்தரவும் இல்லை. இஃப்ராவுக்கு ஜூனில் பள்ளிக்கூடத்தில் சாக்லேட், நவம்பரில் வீட்டில் பாயசம். தொந்தரவு ப்ளஸ் டூ மார்க்கோடு வந்தது. நுழைவுத் தேர்வை எடுத்துவிட்ட முதல் வருடம் அது. ஒரே மார்க்கில் நூறு பேர், இருநூறு பேர் என்று நின்றார்கள். எல்லாப் பாடமும் சமமாக இருந்தால் பிறந்த தேதியைப் பார்ப்பார்கள், வயதில் மூத்தவருக்குத்தான் முன்னிடம் என்று இஃப்ரா விளக்கப் புத்தகத்தைப் படித்துச் சொன்னபோது, ஹனீஃபா பாயின் கையிலிருந்த தோல் ஊசி கீழே விழுந்தது. தேதியைத் துருவிப் பார்க்கிறார்கள், மாற்றியது தெரிந்தால் பெயரையே அடித்துவிடுகிறார்கள் என்று கடைக்கு வந்த ஜெயவேலு வேறு சொல்லிவைத்தார். அவருக்கு எதுவும் தெரியாது, ஆனால் விக்கலும் வராது.

இஃப்ராவுக்கு வேண்டியது ஒரே ஒரு கல்லூரியில் எலக்ட்ரானிக்ஸ். அந்தக் கல்லூரிக்கு மட்டும்தான் பம்மலிலிருந்து ஒரே பஸ்ஸில் போய் ஒரே பஸ்ஸில் திரும்ப முடியும். ஹாஸ்டல் என்ற சொல்லையே சபீஹா வீட்டுக்குள் விடவில்லை. படப்பைக்கு அந்தப்பக்கம் வயலுக்கு நடுவே புதிதாக முளைத்த கல்லூரிகளை ஹனீஃபா பாய் ஒரு ஞாயிற்றுக்கிழமை மொபெட்டில் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். ஒன்றில் கட்டடத்தை விட வாசல் வளைவு பெரிதாக இருந்தது, இன்னொன்றில் பரிசோதனைக் கூடத்தைக் காட்டச் சொன்னதற்கு வாட்ச்மேன் கதவைத் திறந்து முதலில் ஒரு மாட்டை அவிழ்த்து வெளியே ஓட்ட வேண்டியிருந்தது. ஆகவே அந்த ஒரு சீட், இல்லாவிட்டால் பக்கத்தில் ஏதாவது பி.எஸ்சி. இஃப்ரா ஒன்றாம் வகுப்புப் பெஞ்சில் உட்கார்ந்திருந்த அதே முகத்தோடு வளைய வந்தாள். 

தண்ணீர் யோசனை சபீஹாவுடையது. பத்து நாள் பயிற்சி. கடையில் வாய் நிறையத் தண்ணீரோடு அவர் உட்கார்ந்திருந்த நாட்களில் வியாபாரம் இரண்டு மடங்கானது. பேசாத கடைக்காரரைப் பம்மல் அதுவரை பார்த்ததில்லை.

கவுன்சலிங் மண்டபத்தில் கல்யாணக் கூட்டம். சாப்பாடு மட்டும்தான் இல்லை. அப்பாக்கள் தலைக்கு மேல் தொங்கிய திரைகளை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு கல்லூரிக்கும் எதிரே காலி இடங்களின் எண்ணிக்கை குறைந்துகொண்டே வர, பிள்ளைகளை விட அவர்களுக்குத்தான் வியர்த்தது. இஃப்ராவின் கல்லூரிக்கு எதிரே, எலக்ட்ரானிக்ஸில், பொதுப் பிரிவில் மூன்று என்று இருந்தது. இட ஒதுக்கீட்டில் எல்லாம் முடிந்திருந்தது.

பக்கத்து நாற்காலியில் சேலையூரிலிருந்து வந்த லக்ஷ்மிநாராயணன். டெலிபோன் ஆபீஸில் வேலை. மடியில் மூன்று ஃபைல், ஒவ்வொன்றுக்கும் ஒரு நகல் ஃபைல். அவர் மகள் மிருதுளா, இஃப்ராவின் பேனா எழுதவில்லை என்பதைப் பார்த்ததும் தன் பேனாவைக் கொடுத்து, பிஸ்கட் பாக்கெட்டையும் பிரித்து நீட்டினாள். லக்ஷ்மிநாராயணன் இரண்டு பெண்களின் மார்க்கையும் ஒப்பிட்டுப் பார்த்து வியந்துபோனார். கணக்கு, இயற்பியல், வேதியியல், உயிரியல், எல்லாம் அச்சு அசலாக ஒன்று.

"உங்க பொண்ணு ரேங்க் எங்களுக்கு ஒண்ணு முன்னாடி, சார்," என்றார். "நீங்க ஜூன், நாங்க ஜூலை. டேட் ஆஃப் பர்த்துல அடிச்சுட்டீங்க."

ஹனீஃபா பாய் தலையாட்டினார். வாய்க்குள் தண்ணீர் திடீரென்று வெதுவெதுப்பாகிவிட்டது. நவம்பர் எங்கே, ஜூலை எங்கே. நியாயப்படி மிருதுளா முன்னால் நிற்க வேண்டியவள். பொய் இத்தனை வருடம் சும்மா படுத்துக்கிடந்தது, இன்று எழுந்து பக்கத்து நாற்காலிப் பிள்ளையின் இடத்தில் கைவைக்கிறது. திரையைப் பார்த்தார். மூன்று இரண்டாகி, அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒன்று ஆனது. பதிலே சொல்லாமல் கேட்டுக்கொண்டிருந்த அவரை மகா பொறுமைசாலி என்று எடுத்துக்கொண்ட லக்ஷ்மிநாராயணன், தன் மனைவி அபிதகுஜாம்பாளிடம்கூட இவ்வளவு மனம்விட்டுப் பேசியதில்லை என்றார்.

பெயர் கூப்பிட்டார்கள். சான்றிதழ் சரிபார்க்கிற மேசையில் குப்புராஜ் என்கிற அதிகாரி, நெற்றியில் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு தாள்களைப் புரட்டினார். அடுத்த எண் என்பதால் லக்ஷ்மிநாராயணனும் மகளும் இரண்டடி பின்னால் நின்றார்கள். பெயர், பள்ளி, சாதிச் சான்று, எல்லாம் சரி. ஒன்பது, ஆறு, தொண்ணூறு என்று படித்துவிட்டு குப்புராஜ் நிமிர்ந்தார். இஃப்ராவைப் பார்க்கவில்லை. உப்பியிருந்த அப்பாவின் கன்னத்தைப் பார்த்தார்.

"இன்னா பாய், பாக்கு போட்டுகினு உள்ள வந்துகீறீங்க? போர்டு பாக்கல?"

"இல்ல சார்," என்றாள் இஃப்ரா அவசரமாக. "அத்தாவுக்குப் பல் வலி."

சொல்லி முடித்ததும் விக்கினாள்.

பதினாறு வருடம் எட்டு மாதத்தில் இஃப்ரா விக்கி ஹனீஃபா பாய் பார்த்ததே இல்லை. இந்தப் பிள்ளை இதுவரை பொய்யே சொன்னதில்லை என்பதும், சொன்னால் தன்னைப் போலவே ஆகும் என்பதும் அவருக்கு அந்த ஒரே விக்கலில் தெரிந்தது. அவள் இரண்டாவது தடவையும் விக்கினாள், கண் கலங்கிவிட்டது, ஆனாலும் ஃபைலை விடவில்லை. சபீஹா ஊற்றிய கால் டம்ளர் உட்பட அத்தனை தண்ணீரையும் ஹனீஃபா பாய் ஒரே மடக்கில் விழுங்கினார்.

"பாக்கு இல்ல சார், தண்ணி," என்றார். "இவ ஜூன்ல பொறக்கல. நவம்பர் ஒம்பது. இஸ்கூல்ல சேக்கறதுக்கு நான்தான் மாத்திச் சொன்னேன். புள்ளைக்கு ஒண்ணும் தெரியாது."

விக்கினார்.

"தெரியும் சார்," என்று திருத்திக்கொண்டார்.

குப்புராஜ் பேனாவை மூடி வைத்தார். கண்ணாடியை இறக்கினார். தாளை ஒருமுறை, அப்பாவை ஒருமுறை, விக்கிக்கொண்டிருந்த பெண்ணை ஒருமுறை பார்த்தார். மேசைக்குப் பின்னால் வரிசையாக உட்கார்ந்திருந்த மற்ற அதிகாரிகளைக் காட்டினார்.

"அந்தக் கோடிலேர்ந்து எண்ணுங்க பாய். ஏழு பேரு. ஏழு பேரும் சர்வீஸ் புக்குல ஜூன் ஒண்ணு. நானும் ஜூன் ஒண்ணு. எங்கம்மாவ கேட்டா புயல் அடிச்ச அன்னிக்கின்னு சொல்லும், எந்தப் புயல்னு அதுக்கே தெரியாது. மே முப்பத்தொண்ணு சாயங்காலம் மொத்தமா ரிட்டையர் ஆவப்போறோம், ஆபீஸ பூட்டறதுக்கு ஆளு கெடையாது." முத்திரையை எடுத்து மையில் ஒற்றினார். "நான் பேப்பர்ல கீறத பாக்கறவன். நீங்க தண்ணியவே வாயில வச்சிகினு இருந்திருக்கலாம்."

முத்திரை விழுந்தது. அந்தச் சத்தத்தில் இஃப்ராவின் விக்கல் நின்றது.

ஹனீஃபா பாய்க்கு இன்னும் ஒரு தடை பாக்கி இருந்தது. திரும்பினார். லக்ஷ்மிநாராயணன் அத்தனையும் கேட்டுவிட்டிருந்தார். மூன்று ஃபைலையும் மார்போடு பிடித்திருந்தார். ஹனீஃபா பாய் தானாகவே ஆரம்பித்தார்: மன்னித்துக்கொள்ள வேண்டும், உங்கள் பிள்ளைதான் மூத்தவள், எழுதிக் கொடுத்துவிட்டு நாங்கள் பின்னால் வருகிறோம். சொல்லும்போது விக்கல் வருகிறதா என்று தன் தொண்டையைத் தானே கவனித்தார். வரவில்லை. ஆகவே அதை மனதாரத்தான் சொல்கிறோம் என்று அவருக்கே அப்போதுதான் தெரிந்தது.

லக்ஷ்மிநாராயணன் இரண்டு பக்கமும் பார்த்தார். ஒரு அடி நெருங்கி வந்தார். பதினேழு வருட டெலிபோன் ஆபீஸ் வாழ்க்கையில் அவர் இவ்வளவு தாழ்ந்த குரலில் பேசியிருக்க மாட்டார்.

"எங்களுது டிசம்பர்," என்றார்.

இரண்டு அப்பாக்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நவம்பருக்குப் பிறகுதான் டிசம்பர் என்பதை இருவரும் தனித்தனியாக மனதுக்குள் சரிபார்த்துக்கொண்டது முகத்தில் தெரிந்தது. பிறகு லக்ஷ்மிநாராயணன், மிருதுளாவுக்கு அதே கல்லூரியில் ஐ.டி.தான் வேண்டும், அதில் இன்னும் நான்கு இருக்கிறது, சீக்கிரம் போங்கள் சார் என்று ஹனீஃபா பாயின் முதுகில் கைவைத்துத் தள்ளினார்.

உள்ளே கம்ப்யூட்டர் முன்னால் இஃப்ராதான் கல்லூரியின் எண்ணைச் சொன்னாள்.  ஹனீஃபா பாய் வெளியே வந்து அண்ணாந்து பார்த்தபோது திரையில் அந்த ஒன்று, பூஜ்யமாகியிருந்தது. ஒரு பூஜ்யத்தைப் பார்த்து அவ்வளவு சந்தோஷப்பட்டவர் வேறு யாரும் அந்த மண்டபத்தில் இல்லை.

வாசலில் ஒரு ரூபாய் நாணயம் போடுகிற போன். வரிசையில் நின்று லோகநாயகி அக்கா வீட்டுக்குப் போட்டு, சபீஹாவைக் கூப்பிடச் சொன்னார். ஓடி வந்த மூச்சோடு அவள் போனை எடுத்தாள்.

"கெடச்சிருச்சு," என்றார்.

 சபீஹா ரிசீவரைக் காதில் அழுத்திக்கொண்டு, விக்கல் வருகிறதா என்று காத்திருந்தாள். வரிசையில் பின்னால் நின்றவர்கள் பொறுமையிழந்தார்கள், நாணயம் தீரப்போவதாக பீப் சத்தம் கேட்டது. ஹனீஃபா பாய் வாயைத் திறந்தபடி ரிசீவரைத் தொண்டைக்கு அருகில் பிடித்துக்கொண்டு நின்றார். ஒன்றும் வரவில்லை. ஓசையே இல்லை. அதன் பிறகுதான் அந்தப் பக்கத்திலிருந்து சபீஹா அழுவது கேட்டது.

இவ்வளவையும் ஹனீஃபா பாய் தன் கடை ஸ்டூலில் உட்கார்ந்து சொல்லி முடிக்க முக்கால் மணி நேரம் ஆனது. முதல் வார்த்தையிலிருந்து கடைசி வார்த்தை வரை விக்கிக்கொண்டேதான் சொன்னார்.